ஒரு போர்க்களமும் மூன்று பள்ளிக்கூடங்களும்

1410-ஆம் வருஷம் ஜூலை மாதம் 15-ஆம் தேதி, இன்று போலந்து தேசத்தின் வடபகுதியாக விளங்கும் ஒரு வெளியில், போலந்து மன்னன் யாகியெல்லோவும் அவனுடைய சிற்றப்பன் மகனான லித்துவேனியப் பிரபு விடாவ்டஸும் தங்கள் சைனியங்களை ஒன்றுசேர்த்துக்கொண்டு, பால்டிக் கடற்கரையில் பெரிய ராஜ்யத்தையே கட்டியாண்டுகொண்டிருந்த டியூட்டானிய வீரத்துறவிகளின் சங்கத்தை எதிர்த்து நின்று, பொழுது சாய்வதற்குள் அச்சங்கத்தின் தலைவர் உல்ரிக் ஃபான் யுங்கிங்கனையும் அவருடைய பிரதான தளகர்த்தர்களில் பெரும்பாலோரையும் களத்திலே வீழ்த்தினார்கள். ஒரே நாளில், ஒரே மண்ணில் நடந்த இந்த யுத்தத்தைப் போலந்துப் பிள்ளைகள் குரூன்வால்ட் என்றும், லித்துவேனியப் பிள்ளைகள் ஷல்கிரிஸ் என்றும், ஜெர்மானியப் பிள்ளைகள் டன்னன்பர்க் என்றும் தங்கள் தங்கள் பாட புஸ்தகத்தில் படித்து வளர்ந்தார்கள்.

பெயர் மாத்திரம் வேறுபட்டிருந்தால் பாதகம் ஒன்றுமில்லை. அதனோடு சேர்ந்து ஊட்டப்பட்ட உணர்ச்சியும் வேறுபட்டது. அயலாரால் பங்குபோடப்பட்டுச் சுதந்திரத்தை இழந்திருந்த போலந்து மக்களுக்கு, 1878-இல் யான் மாத்தெய்க்கோ தீட்டிமுடித்த பிரம்மாண்டமான யுத்த ஓவியமும், யுத்தத்தின் ஐந்நூறாவது ஆண்டாகிய 1910-இல் கிராக்கோ நகரில் எழுப்பப்பட்ட ஞாபகச் சின்னமும், தங்கள் தேசம் செத்துப்போய்விடவில்லை என்பதற்குச் சாட்சிகளாயின. ஜெர்மானியரோ, 1914 ஆகஸ்டில் அதே பிரதேசத்தில் ருஷ்யப் படை ஒன்றை முறியடித்தபோது, பழைய தோல்விக்குப் பழிதீர்த்துவிட்டோம் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காகவே அந்த வெற்றிக்கு டன்னன்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். 1939-இல் போலந்தைக் கைப்பற்றியதும் கிராக்கோ நகரத்துச் சின்னத்தைத் தகர்த்தெறிந்தார்கள். அது 1976-இல்தான் மறுபடியும் எழுந்து நின்றது. லித்துவேனியருக்கு விடாவ்டஸே அன்றைய நாயகன். கௌனஸ் நகரத்தின் புகழ்பெற்ற கூடைப்பந்துக் குழு இன்றைக்கும் ஷல்கிரிஸ் என்ற பெயரோடுதான் ஆடுகிறது. யுத்தத்தின் நடுவே லித்துவேனியக் குதிரைப்படை பின்வாங்கியதைப் பதினைந்தாம் நூற்றாண்டுப் போலந்துச் சரித்திராசிரியர் யான் துவுகோஷ் புறமுதுகிட்ட ஓட்டமாகவே எழுதிவைத்துவிட்டுப் போனார். லித்துவேனியரோ, பகைவரை அணி கலைந்து துரத்திவரச் செய்வதற்காக வேண்டுமென்றே செய்த யுக்தி அது என்கிறார்கள். 

இம்மூன்று தேசங்களிலிருந்தும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து, ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, மூன்று பாட புஸ்தகங்களையும் அருகருகே விரித்துவைத்தால் என்ன நேரும்? தங்கள் உபாத்தியாயர் சொல்லிக்கொடுத்தது சத்தியத்தின் ஓர் அம்சமே என்பதும், எதிரே உட்கார்ந்திருப்பவனும் பொய் சொல்லவில்லை என்பதும், எந்தப் பிரசங்கமும் இல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேறுவேறு தேசத்துப் பள்ளிக்கூடங்கள் கூட்டுச் சேர்ந்து மத்திய காலத்தின் சரித்திரத்தையும் சம்பிரதாயங்களையும் ஆராயும் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் எவ்வாறு வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எழுபது வருஷ காலத்துக்குள் மூன்று முறை ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட பிரான்ஸும் ஜெர்மனியும் 1963-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி ஒரு சிநேக உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்ஸின் டிகாலும் ஜெர்மனியின் அடனாயரும் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கையின் பயனாக இரு தேசத்து இளைஞர்களும் பரஸ்பரம் ஊர் விட்டு ஊர் சென்று தங்கிப் பழகுவதற்கென்றே ஒரு பொது ஸ்தாபனம் ஏற்பட்டது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு எராஸ்மஸ் என்ற திட்டம் 1987-இல் தொடங்கியது. பள்ளிக்கூடத்துச் சிறுவர் சிறுமியருக்கு அத்தகைய வாய்ப்பு 1995-இல் கொமேனியஸ் என்ற பெயரில் கிடைத்தது. 2014 முதல் இவையெல்லாம் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன.

கொமேனியஸ் என்ற பெயருக்குரியவரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் மேலே செல்லக்கூடாது. யான் ஆமோஸ் கொமேனியஸ் 1592-இல் மொராவியாவில் பிறந்து, புரொட்டஸ்டண்டு சபை ஒன்றின் குருவாகி, முப்பதாண்டு யுத்தத்தின் கொடுமையால் தாய்நாட்டை விட்டு ஓடி, ஊர் ஊராக அலைந்து, 1656-இல் லெஷ்னோ நகரம் தீக்கிரையானபோது தம்முடைய நூல்நிலையத்தையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்துப் பறிகொடுத்தவர். அத்தனை துக்கத்துக்குப் பிறகு, இரண்டே வருஷத்தில், 1658-இல், குழந்தைகள் படத்தைப் பார்த்துக்கொண்டே லத்தீனையும் தாய்மொழியையும் ஒருங்கே கற்பதற்கான புஸ்தகம் ஒன்றை நூரம்பர்க்கில் அச்சிட்டு வெளியிட்டார். நாடிழந்து திரிந்த ஒரு மனிதரின் பெயரை நாடுகளை இணைக்கும் கல்வித் திட்டத்துக்கு இட்டது மிகவும் பொருத்தமான காரியம்.

திட்டம் நடைபெறும் விதம் எளிதானதே. மூன்று தேசத்துப் பள்ளிக்கூடங்களாவது சேர்ந்து ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு பள்ளியைத் தலைமையாக ஏற்று, அவரவர் தேசத்தில் அதற்கென உள்ள அலுவலகத்துக்கு மனுச் செய்துகொள்வதே கொமேனியஸ் கூட்டுறவின் வழக்கமான முறையாக இருந்தது. பணம் கிடைத்தால் சுமார் இரண்டு வருஷத்துக்கு வேலை நடக்கும். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் திரட்டியவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள்; பிறகு ஒவ்வோர் ஊரிலும் ஒரு முறை கூடுவார்கள்; வந்தவர்களில் பலர் விடுதியில் தங்காமல் உள்ளூர் மாணவர்களின் வீடுகளிலேயே விருந்தாளிகளாகத் தங்குவார்கள். பிரயாணம் செய்ய வசதியில்லாத வகுப்புகளுக்காக, 2005 ஜனவரியில் ஈட்வின்னிங் என்ற இணையவழி ஏற்பாடும் தொடங்கப்பட்டது. 2021 முதல், சிறிய பள்ளிகளை உத்தேசித்து, இரண்டு தேசத்து ஸ்தாபனங்கள் மாத்திரமே சேர்ந்து 30,000 அல்லது 60,000 யூரோ மொத்தத் தொகையாகப் பெறக்கூடிய சிறு கூட்டுறவுகளுக்கும் வழி செய்திருக்கிறார்கள்.

விஷயத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பள்ளிகளுக்கே உரியது. நீர், காடு, உணவு என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் மத்திய காலத்துக்கு ஒரு விசேஷத் தகுதி உண்டு. பெரிய ராஜதானிகளில் மட்டுமன்றி, ரெயில் நிற்காத சிற்றூரிலும் ஒரு பழைய மதில்துண்டோ, மாதாகோயிலோ, சந்தைச் சதுக்கமோ இருக்கும். தங்கள் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தூரதேசத்துத் தோழர்களுக்குக் காட்டவேண்டும் என்ற ஆவலினாலேயே முதல்முறையாகத் தங்கள் ஊர் மதிலை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அதனினும் முக்கியமான காரணம், இன்றைய தேச எல்லைகளில் பெரும்பாலானவை அக்காலத்தில் இந்த வடிவத்தில் இல்லை என்பதாம். ஹான்சா என்ற வர்த்தக நகரங்களின் கூட்டுறவை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் லூனபர்க்கில் பூமிக்கடியிலிருந்து ஊறிய உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். இன்றைய ஸ்வீடனின் தென்கோடியாகிய ஸ்கோனியாக் கடற்கரையிலோ ஹெர்ரிங் மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து வலையில் விழுந்தன. மாமிசம் விலக்கப்பட்ட விரத நாட்கள் வருஷத்தில் மிகப் பலவாக இருந்தபடியால், கிறிஸ்தவ ஐரோப்பா முழுவதற்கும் மீன் வேண்டியிருந்தது. மீன் கெடாதிருக்க உப்பு வேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற லூபெக் நகரம் கொழுத்ததில் ஆச்சரியமில்லை. அந்த உப்பைப் படகில் கொண்டுவருவதற்கென்றே 1398-இல் ஒரு கால்வாயை வெட்டி முடித்தார்கள். நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து கருவாடும், ருஷ்யாவின் நோவ்கரட் நகரத்திலிருந்து மெழுகும் மென்மயிர்த் தோலும், விஸ்துலா நதி வழியாகப் போலந்துத் தானியமும் இதே கூட்டுறவின் கப்பல்களில் ஏறின. பெர்கனில் பிருக்கன் என்ற அவர்களுடைய பழைய பண்டகசாலை வரிசை இன்றும் மரவீடுகளாக நிற்கிறது. பெர்கனிலும், லூபெக்கிலும், காத்லாந்துத் தீவின் விஸ்பியிலும், எஸ்தோனியாவின் டாலினிலும், போலந்தின் டோருனிலும் உள்ள பள்ளிகள் ஒன்றுசேர்ந்தால், தேசப்படத்தில் ஐந்து நிறங்களில் தீட்டப்பட்டிருக்கும் தங்கள் ஊர்கள் ஒரு காலத்தில் ஒரே கணக்குப் புஸ்தகத்தில் எழுதப்பட்டிருந்தன என்பதைக் கையினால் தொட்டே அறிந்துகொள்ளலாம். டாலின் நகர மண்டபத்துக்கு எதிரே 1422-ஆம் வருஷத்திலேயே இருந்ததாக ஆவணம் சொல்லும் மருந்துக்கடை இன்றும் மருந்து விற்றுக்கொண்டிருக்கிறது. விஸ்பியில் 1984 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊரே பழைய உடையணிந்து ஒரு வாரம் மத்திய காலத்தில் வாழ்கிறது.

நிற்க. புஸ்தகத்தைவிடக் கைவேலை பிள்ளைகளுக்கு அதிகம் கற்பிக்கிறது. மடங்களில் துறவிகள் எழுதிய ஏடுகளைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைக் காட்டிலும், வாத்தின் இறகைச் சீவி, மசி கூட்டி, ஒரு வரி எழுதிப் பார்ப்பது மேல். அந்த மசியின் சரக்குகள் என்னவென்று கேட்டால் தமிழ் வாசகர்கள் வியப்படைவார்கள்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். நம் ஊர் நாட்டு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற அதே சரக்குகள்தாம். ஓக் மரத்தில் குளவிப் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பே மாசிக்காய்; அதை இடித்து ஊறவைத்த துவர்ப்புநீரில் இரும்பின் உப்பாகிய அன்னபேதியைச் சேர்த்து, பிசினால் பதப்படுத்தினால் மசி ஆயிற்று. எழுதும்போது வெளிறித் தோன்றும் எழுத்து, காற்றுப் பட்டபின் சிறிது சிறிதாகக் கறுத்துத் தோலுக்குள்ளே கடித்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் சாசனங்களும் வேதப் பிரதிகளும் நூற்றாண்டுக்கணக்கில் இந்த மசியினாலேயே எழுதப்பட்டன. எழுதிய பரப்போ காகிதமன்று. ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் சுண்ணாம்புநீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி எடுத்தது. ஒரு தடித்த புஸ்தகத்துக்கு ஒரு மந்தையே செலவாகும் என்பதை அறிந்த பிள்ளைக்கு, அக்காலத்தில் படிப்பு ஏன் ஒரு சிலருக்கே உரியதாக இருந்தது என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை. சித்திரங்களில் வானத்துக்கும் தேவமாதாவின் அங்கிக்கும் இட்ட உயர்ந்த நீல வர்ணம், ஆப்கானிஸ்தானத்தின் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்தது.

சமையலும் இப்படியே. மத்திய கால விருந்து ஒன்றைச் சமைத்துப் பார்க்கலாம் என்று புறப்படும் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி, எவையெவை கூடாது என்ற ஜாபிதாவைப் பார்க்கும்போதே வரும். உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, மிளகாயும் மக்காச்சோளமும் வான்கோழியும் கூடாது, எல்லாம் 1492-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. போலந்துக்காரனுடைய உருளைக்கிழங்கும் இத்தாலியனுடைய தக்காளிச் சாறும் பரம்பரைச் சொத்து அல்ல என்று தெரியும்போது, பரம்பரை என்பதைப் பற்றியே பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில், செல்வர் வீட்டுச் சமையலில் தாராளமாகச் சேர்த்தவை மலையாளக் கரையின் மிளகு, இலங்கையின் இலவங்கப்பட்டை, இஞ்சி, கிராம்பு. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் ஏறக்குறைய 1390-இல் தொகுத்த ஆங்கிலச் சமையல் நூலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்த வாசனைதான். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நார்வேயிலும் இப்படிப்பட்ட வகுப்புகளில் இன்று ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கோட்டைக் கொத்தளங்களின் சரித்திரத்தில் எனக்கென்ன பங்கு என்று அவர்கள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வது இயல்பே. அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தச் சமையலறையிலேயே மணக்கிறது.

கட்டட வேலையைக் காணவிரும்புவோர் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள கெதலோனுக்குச் செல்கிறார்கள். அங்கே 1997 முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைப்படி ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிவருகிறார்கள். அங்கேயே கல் வெட்டி, அங்கேயே ஓடு சுட்டு, மனிதன் உள்ளே நடந்து சுழற்றும் பெரிய சக்கரத்தால் பாரம் தூக்கி வேலை நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள்.

இனி ஒரு குறையைத் திட்டமாகச் சொல்லியே ஆகவேண்டும். இத்தகைய கூட்டுறவுகளுக்குள்ள பெரிய அபாயம், மத்திய காலத்தை ஒரு வேஷக் கொண்டாட்டமாக மாற்றிவிடுவது. ராஜகுமாரியும் குதிரைவீரனும் அட்டை வாளும் மாத்திரம் எஞ்சி, குடியானவனும் கொள்ளைநோயும் மதத் துவேஷமும் மறைந்துபோனால், அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ததே வீண். 1347 முதல் பரவிய கொள்ளைநோயில் ஐரோப்பிய ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டார்கள். அந்தத் துயரத்துக்கு யூதர்கள் கிணற்றில் விஷமிட்டதே காரணம் என்ற அபாண்டத்தைக் கிளப்பி, 1349 பிப்ரவரி 14-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களை உயிரோடு எரித்தார்கள். அடுத்த மாதமே எர்ஃபர்ட் நகரத்து யூத சமூகம் அழிக்கப்பட்டது. எர்ஃபர்ட்டில் அச்சமயம் யாரோ ஒரு குடும்பத்தார் சுவருக்கடியில் புதைத்துவைத்துவிட்டு, மீண்டு வந்து எடுக்க முடியாமற்போன செல்வம் 1998-இல் அகப்பட்டது: 3,000-க்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்களும், மிகுந்த வேலைப்பாடு கொண்ட ஒரு பொன் மணமோதிரமும். அவை இன்று அந்நகரத்துப் பழைய யூத ஆலயத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன; ஆலயம் உள்ளிட்ட அந்த மத்திய கால யூதச் சின்னங்களை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அங்கீகரித்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் அந்த மோதிரத்தைக் காட்டி, அதைப் புதைத்த கை யாருடையது என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அதே காலத்தின் மற்றொரு முகமும் உண்டு. ஸ்பெயினில் டொலேடோ நகரத்தில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அருகருகே இருந்து அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தார்கள். இத்தாலியிலிருந்து அறிவுப்பசியோடு அங்கே சென்ற கிரெமோனா ஊர் ஜெரார்டு, தாலமியின் வானசாஸ்திர நூலை அரபு மொழியிலிருந்து பெயர்த்தார். இந்தியாவில் பிறந்து அரேபியர் வழியாகச் சென்ற எண்களை 1202-இல் பீசா நகரத்து லெயோனார்டோ, ஃபிபொனாச்சி என்று நாம் அறிந்தவர், தம் நூலில் வியாபாரிகளுக்கு விளக்கினார். ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்றுக்காரர் சங்கமோ 1299-இல் கணக்கேட்டில் அந்த எண்களை எழுதக்கூடாதென்று தடை விதித்தது. ஓர் இத்தாலியப் பள்ளியும் ஒரு ஸ்பானியப் பள்ளியும் சேர்ந்து, ரோமானிய இலக்கங்களில் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்த்து, பிறகு இந்திய எண்களில் அதையே போட்டுப் பார்க்கும் அரைமணி நேரத்தில் எத்தனை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிவிடுகிறது!

பிள்ளைகளுக்கு முன்பு பெரியவர்கள் இந்த வேலையைச் செய்யவேண்டியிருந்தது. ஜெர்மனியும் போலந்தும் யுனெஸ்கோவின் ஆதரவில் 1972-இல் ஒரு பாட புஸ்தகக் கமிஷனை ஏற்படுத்தி, ஒருவர் புஸ்தகத்தை மற்றவர் வாசித்து, வாக்கியம் வாக்கியமாக வாதாடினார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கெயார்க் எக்கர்ட் பெயரால் விளங்கும் பாட புஸ்தக ஆராய்ச்சி நிலையம் இதற்கு நெடுங்காலம் துணைநின்றது. இரு தேசத்துக்கும் பொதுவான சரித்திரப் பாட புஸ்தகத்தின் முதல் பாகம், ஆதிகாலம் தொட்டு மத்திய காலம் முடிய, 2016-இல் வெளிவந்தது. நாற்பத்துநான்கு வருஷ உழைப்பு! கடைசிப் பாகமாகிய நான்காவது 2020-இல் வந்தது. அறிஞர்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்ட காரியத்தைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பாரின் வீட்டில் ஒரு வாரம் சாப்பிட்டு உறங்கிய பிள்ளை, அந்தப் பொதுப் புஸ்தகத்தைத் திறக்கும்போது அதை நம்பத் தயாராக இருப்பான்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலிருந்தும் விலகியது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த டூரிங் திட்டம் தன் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பணம் தந்ததே தவிர, பிறர் பிள்ளைகளை வரவழைக்கத் தரவில்லை. போய்வருவது மட்டும் போதாது. வரவேற்பதும் படிப்பில் பாதி. இதை மறந்த திட்டம் எதையும் கூட்டுறவு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆகையால் ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க், நார்வே முதலிய தேசங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து ஒரு நாள் கடிதம் வரலாம். வெளிதேசத்து மாணவர் ஒருவரைச் சில நாட்கள் உங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளச் சம்மதமா என்று அதில் கேட்டிருப்பார்கள். வீடு சிறியது, நம் சாப்பாடு அவர்களுக்குப் பிடிக்குமோ என்னவோ, பாஷை தெரியாதே என்றெல்லாம் தயங்கி அதை மடித்து வைத்துவிடாதீர்கள். சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்புங்கள். வரும் பிள்ளைக்கு ஒரு வேளை மிளகுரசம் வைத்துக் கொடுங்கள். அந்த மிளகு விருந்தாளியின் மூதாதையரின் மேஜைக்கு எந்தக் கடல்வழியாக வந்தது என்பதை உங்கள் பிள்ளையே சொல்லட்டும்.